காற்புள்ளியில் தொடங்கும் வரி

திறக்கவில்லை, பார்க்கத்தான் பார்க்கிறேன் என்று சுகிர்தா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டும் ஒன்றில்லை. உறையைக் கிழிக்காமல் கடிதத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பதில்லையா, அந்த மாதிரி. மின்னஞ்சலின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னச் சதுரத்தை அமத்தினால் திரை கறுத்து, நடுவில் ஒரு வெள்ளைத் தாள் மேலெழும்பி வந்து நிற்கும். வலப்பக்க மேல்மூலையில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. அதை அமத்தினால்தான் கோப்பு இந்த மொழிபெயர்ப்புக் கந்தோரின் கணினிக்குள் இறங்கும், இறங்கினால்தான் வந்து சேர்ந்ததாகும், அதுவரைக்கும் அது எங்கேயோ கடலுக்கு அப்பால் ஓர் இயந்திரத்தின் வயிற்றில் கிடக்கிறது, அவள் எட்டிப் பார்க்கிறாள், அவ்வளவுதான். இது ஆறாவது தரம். மூடுவாள். மற்ற மெயில்களுக்குப் போவாள். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கக் கேட்ட சங்கானைக்காரர் அதைக் கைபேசியில் படமெடுத்து, படத்தை வேர்டில் ஒட்டி, வேர்டைப் பிடிஎஃப் ஆக்கி, கடைசியில் தலைகீழாக அனுப்பியிருந்தார். அதை நிமிர்த்தி வைப்பாள். பிறகு கை தன்பாட்டில் திரும்பி வந்து அந்தச் சதுரத்தை அமத்தும். தாளில் பதினொரு வரி. எல்லாம் இங்கிலிஷ் எழுத்து, ஒன்றும் இங்கிலிஷ் இல்லை. ஓர் எழுத்து, ஓர் அரைப்புள்ளி, பிறகு மூன்று எழுத்து, நடுவில் சம்பந்தமில்லாமல் ஒரு பெரிய எழுத்து, திரும்பவும் அரைப்புள்ளி. பழைய பாமினி எழுத்துரு என்று பார்த்த கணமே தெரிந்துவிட்டது, தெரிந்த கணமே நெஞ்சு ஒரு படி கீழே இறங்கியது, ஏனென்றால் அனுப்பியவள் மிதுஷா. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த மகள், இருபத்துமூன்று வயது, தமிழில் ஒரு வரி எழுதத் தெரியாதவள், பதினான்கு மாதமாக அம்மாவின் அழைப்பை எடுக்காதவள். மெயிலுக்குத் தலைப்பு இல்லை. உள்ளே ஒரு சொல் இல்லை. இணைப்பு மட்டும். அதன் பெயர், இங்கிலிஷ் எழுத்தில், அம்மா.

பன்னிரண்டு பத்துக்கு வந்திருக்கிறது. அங்கே விடிய இரண்டு நாற்பது. இரண்டு நாற்பதுக்கு இந்தப் பிள்ளை ஏன் முழித்துக்கொண்டிருக்கிறாள், யாரைப் பிடித்து இதைத் தமிழில் அடிப்பித்தாள், ஒரு மகள் அம்மாவுக்கு எழுதுவதை வேறொருவரைக் கொண்டு தமிழில் அடிப்பிப்பதென்றால் அதற்குள் என்ன இருக்கும். நோட்டீஸ் மாதிரி ஏதாவதா. சட்டத்தரணி மாதிரி யாராவதா. சுகிர்தாவுக்கு எழுத்து சிதைந்து வருகிற இந்த வியாதி புதிதில்லை. நாளைக்கு நாலு பேராவது கந்தோருக்கு எடுத்து, அக்கா எல்லாம் பூச்சி பூச்சியா வருது என்பார்கள், அவள் பொறுமையாகச் சொல்லுவாள், ஒன்றும் பழுதில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பழைய தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் ஒரு சின்னக் கள்ளத்தில் ஓடியவை. கணினிக்குத் தமிழ் தெரியாது. m என்ற விசையை அமத்தினால் அது m என்றுதான் எழுதிக்கொள்ளும்; பாமினி அந்த m மேல் அ என்று ஒரு சட்டையைப் போட்டுவிடும், பார்க்கிறவர் தமிழ் என்று நினைப்பார். திறக்கிற இடத்தில் அந்தச் சட்டை இல்லாவிட்டால் எழுத்து வெறும் மேலோடு நிற்கும். மின்னஞ்சலுக்குள்ளேயே காட்டுகிற இந்த முன்னோட்டம் இருக்கிறதே, அது உன்னுடைய கணினியில் என்ன சட்டை தொங்குகிறது என்று கேட்பதில்லை, தன்னிடம் இருக்கிறதைப் போட்டுக் காட்டும். இறக்கித் திறந்தால் சரியாகிவிடும், பயப்படாதேங்கோ. வேலணைக்காரருக்கும் சுவிஸ்காரருக்கும் எத்தனை தரம் சொல்லியிருப்பாள். தனக்கு ஒருதரம் சொல்ல வாய் வரவில்லை. இறக்கினால் தமிழ் வரும். தமிழ் வந்தால் வாசித்துவிடுவாள். வாசித்த பிறகு வாசிக்காதவளாக இருக்க முடியாது.

"அக்கா, சோத்தைத் திறந்து வைச்சுக்கொண்டு திரையைப் பார்த்தால் வயிறு நிரம்பாது," என்றாள் தர்மினி. பக்கத்து மேசை, முப்பது வயது, கந்தோரில் சிங்கள மொழிபெயர்ப்பு அவளுடையது, வாயும் அவளுடையது. நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "ஆ, பாமினி. பாமினியில காதல் கடிதம் எழுதிற ஆள் எண்டால் ஐம்பதுக்குக் குறையாது. வேண்டாம், விடுங்கோ."

"வாயை மூடிக்கொண்டு சாப்பிடும்."

"வாயை மூடிக்கொண்டு எப்பிடி அக்கா சாப்பிடுறது?" தர்மினி சிரித்துக்கொண்டே பின்னால் உருண்டு போனாள். "டவுன்லோட் பண்ணுங்கோவன். உங்கட மிசினில பாமினி கிடக்குத்தானே."

கிடக்குத்தான். கிடக்கிறதுதான் பிரச்சினை. வெளியே மாரி மழைக்கு முதல் வருகிற புழுக்கம், கீழே கடைத்தெருவில் யாரோ ஒலிபெருக்கியில் நம்பமுடியாத விலை என்று எதையோ கூவிக்கொண்டு போனான், சோற்றுப் பொட்டலத்தில் கத்தரிக்காய்க் குழம்பு ஓரத்துக்கு வழிந்திருந்தது. சுகிர்தா ஒரு வாய் எடுத்தாள். ஒன்பது வருஷம் இந்த எழுத்தில்தான் அவள் சீவித்தாள். ரொறன்ரோவில் தமிழ்க்கடை வாசல்களில் அடுக்கி வைத்திருப்பார்களே, இலவச வாரப்பத்திரிகை, அதில் ஒன்றுக்கு விளம்பரங்களும் அறிவித்தல்களும் அடித்துக் கொடுக்கிற வேலை. ஆசிரியர் கையால் கிறுக்கிய துண்டுகளை ஃபாக்சில் அனுப்புவார், அவள் வீட்டிலிருந்து அடித்து, தொலைபேசிக் கம்பியில் மோடம் கீச்சிட்டு ஊளையிட்டு இணைப்பு வரும்வரை காத்திருந்து, கோப்பாக அனுப்புவாள். புதன் பின்னேரத்துக்குள் எல்லாம் போய்ச் சேரவேணும். கணவன் ஜெயசீலனுக்குத் தொழிற்சாலையில் இரண்டாம் சிஃப்ட், அவன் வரும்போது அவள் விரல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பிறந்தநாள் வாழ்த்து, பூப்புனித நீராட்டு விழா, அறை வாடகைக்கு, மணமகள் தேவை, முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி. அந்த ஒன்பது வருஷத்தில் ஸ்காபரோவில் செத்த தமிழர் முக்கால்வாசிப் பேரை அவளுடைய விரல்கள்தான் வழியனுப்பி வைத்தன. கண் பார்க்காது. மூளையும் பார்க்காது. துண்டிலிருந்து நேரே விரலுக்கு. அந்தக் கோப்புகளில் ஒன்றுகூட இன்று எந்தக் கணினியிலும் திறக்காது, அந்தச் செயலியும் இல்லை, பத்திரிகையும் இல்லை, டொக் என்றிருந்தது டொக்எக்ஸ் ஆகி, நெகிழ்தட்டு குறுந்தட்டு ஆகி, குறுந்தட்டு காற்றாகிவிட்டது. விரல் மட்டும் மறக்கவில்லை. விரலுக்கு மறக்கத் தெரியாது போல.

இலக்கங்களுக்குச் சட்டை தேவையில்லை, அது ஒன்றுதான் எந்த எழுத்துருவிலும் அப்படியே நிற்கும். கடைசிக்கு முதல் வரியில் பத்து இலக்கம். நாலு மூண்டு ஏழில் தொடங்கியது, ரொறன்ரோ இலக்கம். மிதுஷாவின் இலக்கம் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும், பதினான்கு மாதமாக ஞாயிறுதோறும் அதை அழைத்து, ஏழு தரம் அடித்து, இயந்திரக்குரல் வந்ததும் வைத்திருக்கிறாள். இது அந்த இலக்கம் இல்லை. இதற்குக் கீழே இன்னும் ஒரே ஒரு வரி, நீண்ட வரி, கடைசி வரி, அது காற்புள்ளியில் தொடங்கியது. எந்தப் பாஷையிலும் ஒரு வரி காற்புள்ளியில் தொடங்காது. பாமினியில் தொடங்கும், இ எழுதுகிற விசை அதுதான். பயந்தவர்கள் கடிதத்தைக் கீழிருந்து மேலேதான் வாசிப்பார்கள், யார் கையெழுத்து வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பார்கள். சுகிர்தா கையைக் கழுவாமல் ஒரு கடதாசியில் துடைத்துக்கொண்டு, விரல்களை விசைப்பலகையின் மேல் அமத்தாமல் சும்மா வைத்தாள். வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். வலக்கை நடுவிரல் காற்புள்ளிக்கு இறங்கியது: இ. இடக்கைச் சுட்டுவிரல், வலக்கைச் சின்னவிரல்: வ். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் செய்யத் தேவையில்லாமல் போயிற்று, பள்ளத்தில் விட்ட சைக்கிள் மாதிரி கை ஓடியது, திரையில் இருந்ததைவிட முன்னால் ஓடி, வரி எங்கே முடியும் என்று கண்ணுக்குத் தெரியமுதலே போய் நின்றுவிட்டது. Vw;Wf;nfhs;sTk;. ஏற்றுக்கொள்ளவும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். ஆயிரம் தரம் அடித்த வரி. படத்துக்குக் கீழே, பிறப்பு இறப்புத் திகதிகளுக்குக் கீழே, அன்னாரின் பூதவுடலுக்குக் கீழே, கடைசியில் தொடர்பு இலக்கங்களோடு வருகிற வரி. மரண அறிவித்தலைத் தவிர வேறு எதற்கும் அந்த வரி வராது.

யார்? கை அப்படியே நின்றது. ஜெயசீலனா? பிரிந்து எட்டு வருஷம், பக்கத்து மார்க்கம் நகரில் வேறு குடும்பம், சுகிர்தா வெளிக்கிட்ட பிறகு மிதுஷாவும் அங்கேதான், ஆனால் அவனுக்கு ஒன்றென்றால் மெயில் வருமுன் பத்துத் தொலைபேசி வந்திருக்கும், அவனுடைய தமக்கை ஒருத்தி போதும், உலகத்தையே எழுப்பிவிடுவாள். இல்லை. வேறு யாருடைய சாவை மிதுஷா இவளுக்கு அறிவிக்க வேண்டும். இணைப்பின் பெயர் என்ன. இணைப்பின் பெயர் அம்மா. அந்த இடத்தில் சுகிர்தாவின் யோசனை, சேலைத்தலைப்பு ஆணியில் மாட்டின மாதிரி, பிடிபட்டுக் கொண்டது. இழுத்தால் கிழியும், விட்டால் நகராது. செத்தது நான்தான். யாரோ வயதுபோன பத்திரிகைக்காரர் ஒருவரைப் பிடித்து, இந்தா, என் அம்மா, பிறந்த இடம் இது, வாழ்ந்த இடம் இது, எனக்கு அவ இல்லை, முறையாக அடித்துத் தாருங்கள், அவவுக்கு விளங்குகிற பாஷையில் அடித்துத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். அப்படிச் செய்யக்கூடிய பிள்ளைதான். பிடிவாதம் ஜெயசீலனிடமிருந்து வந்ததென்று சனம் சொல்லும், பொய், அது சுகிர்தாவின் பிடிவாதம், அச்சொட்டாக அதே பிடிவாதம்.

விமானநிலையத்தில் மிதுஷா அழவில்லை. ஆறு மாதம் என்றுதான் சொல்லிச் சுகிர்தா ஊருக்குப் புறப்பட்டாள், இரண்டரை வருஷத்துக்கு முதல், வீட்டை ஒருக்காப் போய் இருந்து பார்த்திட்டு வாறன் எண்டு. வீட்டை என்ற அந்தச் சொல்தான். மிதுஷா இங்கிலிஷில் கேட்டாள், அதைச் சுகிர்தா இரண்டரை வருஷமாகத் தமிழில் நினைத்துக்கொண்டிருக்கிறாள், தமிழில் அது இன்னும் கூடக் குத்துகிறது: நீங்கள் வீட்டை போறீங்கள் எண்டால், நான் எங்க இருக்கிறன்? சுகிர்தா சிரித்துச் சமாளித்தாள். விசர்க்கதை கதையாதை, ஆறு மாதம் தானே. ஆறு மாதம் ஒன்பதாகி, இந்தக் கந்தோர் வேலை கிடைத்து, ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. யாரிடமும் சொல்ல முடியாத உண்மை, அவளுக்கு இங்கே நன்றாக இருந்தது. தபாற்கந்தோரில் தன் பெயரை எழுத்தெழுத்தாக உச்சரித்துக் காட்டத் தேவையில்லாமல் இருந்தது, வங்கியில் கோபம் வந்தால் இலக்கணம் தேடாமல் கோபப்பட முடிந்தது, இருபத்துநாலு வருஷம் இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒன்றை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. அவிழ்த்த கையோடு மகளையும் கீழே போட்டுவிட்டாள். பட்டமளிப்புக்கு வாங்கோ அம்மா என்று மிதுஷா கேட்டபோது, வேலை ஒன்று தலைக்கு மேலே கிடந்தது, காணி உறுதி நாற்பது, மாத முடிவுக்குள் மொழிபெயர்க்கவேண்டியது. அவள் சொன்னாள், வேலை முடியேல்லை மித்து, வீடியோவில பாக்கிறன். பார்த்தாள். கறுப்பு அங்கியில் ஒரு பிள்ளை மேடையில் ஏழு விநாடி நடந்து போனாள், பாதி வழியில் படம் உறைந்துவிட்டது, மீண்டும் ஓடியபோது வேறு யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பிறகு தொலைபேசி எடுபடவில்லை. காணி உறுதி நாற்பதும் நேரத்துக்கு முடிந்துவிட்டது, இருபத்தெட்டாம் திகதி, இரண்டு நாள் முந்தி. அந்த இரண்டு நாளை அவள் இன்னும் எங்கே வைப்பதென்று தெரியாமல் கொண்டு திரிகிறாள். இப்போது பின்னேரங்களில் அறைக்குத் திரும்பினால், கேட்கமாட்டாது என்று தெரிந்தும் காது கேட்கிறது: கதவுக்கு வெளியே பையைத் துழாவி, திறப்பைத் தவறவிட்டு, இங்கிலிஷில் ஒரு கெட்ட சொல்லைச் சொல்லி, திறப்பை எடுத்துத் திறக்கிற சத்தம். பத்து வருஷமாக எரிச்சல் மூட்டிய சத்தம். அதற்காக அவள் என்னவும் கொடுப்பாள்.

"அக்கா, ஒண்டரைக்குச் சங்கானை நேசராசா அண்ணை வந்திடுவார், அந்தச் சான்றிதழைக் கேட்பார்," என்றாள் தர்மினி. பிறகு அருகில் வந்து, இம்முறை சிரிக்காமல், "ஆரும் மோசம் போட்டினமோ, செத்தவீடோ?" என்றாள்.

"தெரியேல்லை."

"இதென்ன கதை. முன்னால கிடக்கு, தெரியேல்லை எண்டுறியள். நான் அமத்தட்டோ?"

"இல்லை. நான் அமத்துறன்." அமத்திவிட்டாள். யோசித்திருந்தால் அமத்தியிருக்கமாட்டாள், தர்மினியின் கை வந்துவிடும் என்ற பயத்தில் தன் கை முந்திவிட்டது. அம்பு ஒரு வட்டமாகி, வட்டம் நிரம்பி, கோப்பு இறங்கியது. வேர்ட் திறக்க எப்போதும் எடுக்கிற நேரத்தை எடுத்தது. தாள் விரிந்தது. தமிழ் வரவில்லை. அதே எழுத்து, அதே அரைப்புள்ளி, ஒவ்வொரு சொல்லின் கீழும் சிவப்பு நெளிகோடு, இப்படி ஒரு சொல் கிடையாது, கிடையாது, கிடையாது என்று இயந்திரம் பதினொரு வரியிலும் கோடிழுத்திருந்தது. தர்மினி, "உங்கட மிசினில ஃபொன்ட் அழிஞ்சு போச்சோ," என்று தன் மேசைக்குப் போய்விட்டாள். அழியவில்லை. காலையிலும் பாமினியில் ஒரு கோப்புத் திறந்தவள். சுகிர்தாவின் கண் மேலே, எழுத்துருவின் பெயர் நிற்கிற பெட்டிக்குப் போயிற்று. பாமினியில் அடித்த கோப்பென்றால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில்கூட அந்தப் பெட்டிக்குள் பாமினி என்ற பெயராவது நிற்கும், ஆட்கள் இடம்பெயர்ந்த வீட்டின் பெயர்ப்பலகை மாதிரி. பெட்டிக்குள் ஏரியல் என்றிருந்தது. வெறும் இங்கிலிஷ் எழுத்துரு. ஒன்றும் தொலையவில்லை, ஒன்றும் உடையவில்லை. இதற்குச் சட்டை ஒருநாளும் இருந்ததில்லை. அடித்தவர், அடிக்கும்போதும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இந்தப் பூச்சிகளை, ஒவ்வொன்றாக, தமிழ் என்று கண்ணால் ஒருதரமும் காணாமல். எந்தப் பத்திரிகைக்காரன் அப்படி அடிப்பான். உலகத்தில் யார் அப்படி அடிப்பார்கள். முதல் வரியைப் பார்த்தாள். ஒரே ஒரு சொல். Mk;kh. இங்கிலிஷ் என்று நினைத்து இயந்திரம் முதலெழுத்தைப் பெரிதாக்கிவிட்டிருந்தது, அதனால் அ ஆவாகி, ஆம்மா என்று, முற்றத்தில் விழுந்த பிள்ளை கூப்பிடுகிற மாதிரி நின்றது.

எம், கே, செமிகோலன், கே, எச். குரல் அவளுக்குள்ளிருந்து வந்தது, ஐந்து வயது மிதுஷாவின் குரல், பாட்டு மாதிரி இழுத்து. மடியில் இருந்துகொண்டு அம்மாவின் விரல் போகிற இடங்களைச் சத்தமாகச் சொல்லுகிற குரல். அம்மா என்று எழுத இடக்கை தேவையில்லை, ஐந்தும் வலக்கைப் பக்கம், அதனால் மிதுஷா இடக்கையால் அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் அடிப்பாள். அவளுக்கு எழுத்தென்றால் விசையில் எழுதியிருப்பதுதான், திரையில் வருகிற வளைவும் சுழியும் இயந்திரம் பூசுகிற அலங்காரம். ஒரு பிறந்தநாளுக்கு மெழுகுக்கட்டியால் ஓர் அட்டை செய்து தந்தாள், பூ வரைந்து, பூவுக்குக் கீழே mk;kh, அந்த அரைப்புள்ளியைக்கூட விடாமல் சிவப்பில். சுகிர்தா சிரித்தாள். வருகிற சனத்துக்கெல்லாம் காட்டிச் சிரித்தாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் பிள்ளை அப்படித்தான் எழுதி, ரீச்சர் இது இங்கிலிஷ் எண்டு முழுக்க வெட்டிவிட்டாவாம். அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகமாட்டேன் என்றுவிட்டாள், எழுதவும் இல்லை, அத்தோடு தமிழ் முடிந்தது என்று சுகிர்தா எண்ணிக்கொண்டாள். முடியவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழை அவள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், பதினெட்டு வருஷம், யாரும் தமிழென்று ஒத்துக்கொள்ளாத தமிழ்.

முழுவதையும் தெரிவுசெய்து, பெட்டியில் பாமினி என்று மாற்றினால் ஒரு நொடி. சுகிர்தா மாற்றவில்லை. விரல்களைத் திரும்பவும் விசைகளின் மேல் வைத்து, மேலிருந்து, மகள் அடித்த வேகத்தில், ஒவ்வொன்றாகப் போனாள். மற்ற வரிகளில் இயந்திரத்தின் பெரிய எழுத்தைக் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தாள், இரண்டிடத்தில் புள்ளியைத் தவறவிட்டிருந்தாள். அறை வாடகைக்கு உண்டு. தனி வாசல். சகல வசதிகளும் உண்டு. கோவில் அருகாமையில். அந்த இடத்தில் சுகிர்தாவுக்கு மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது, இந்தப் பிள்ளைக்கும் கோவிலுக்கும் என்ன, ஆனால் அந்த விளம்பரம் கோவில் இல்லாமல் ஒருநாளும் வந்ததில்லை. தகப்பன் வீட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டாள், தனியாக எங்கேயோ எடுத்திருக்கிறாள், இரண்டு அறை எடுத்திருக்கிறாள். பெண் ஒருவர் தேவை. உடனடியாக. எட்டாவது வரி: அம்மா விரும்பத்தக்கது. சுகிர்தா அதை விரலால் இரண்டாம்தரம் வாசித்தாள். மூன்றாம்தரம் வாசிக்கும்போது விசைகள் மங்கின. தொடர்புகளுக்கு. பத்து இலக்கம். தனியாக வந்தவள் எடுத்த புது இலக்கமாக்கும். பிறகு காற்புள்ளியில் தொடங்கும் அந்த வரி, அதற்கும் இப்போது வழி தெரிந்தது. ஒருநாள் மடியிலிருந்து கேட்டது, இந்தக் கடைசி வரி என்னம்மா, எல்லாத்திலயும் வருது. செத்தவீட்டுக் கதையைப் பிள்ளைக்கு ஏன் என்று, அது மரியாதைக்கு மித்து, தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கோ எண்டு கேக்கிறது, என்று சொல்லி வைத்தவள் இவள்தான். பிள்ளை அதை நம்பிவிட்டாள். மரியாதைக்கு, கடிதத்தின் அடியில், தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கோ.

அங்கே நாலு மணி ஆகவில்லை. நித்திரையாயிருப்பாள், எழும்பட்டும் என்று ஒரு மனம் சொல்லிற்று. அந்த மனத்தை அவளுக்கு நல்லாய்த் தெரியும், அதுதான் வீடியோவில பாக்கிறன் என்று சொன்ன மனம். கைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய் நின்றாள். என்ன சொல்வது, எந்தப் பாஷையில். இங்கிலிஷில் மன்னிப்புக் கேட்பது லேசு, கால் மிதிபட்டாலும் கேட்கிற சொல். தமிழில் அந்தச் சொல்லை அவளுடைய வீட்டில் ஒருவரும் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, சாப்பிட்டியோ என்றுதான் கேட்பார்கள், அதற்குள் எல்லாம் அடக்கம். சாப்பிட்டியோ என்று விடியப்புறம் நாலு மணிக்குக் கேட்க முடியாது. இலக்கத்தை அமத்தினாள். இரண்டாம் மணி முழுதாக அடிக்கவில்லை, எடுபட்டுவிட்டது. மறுபக்கம் ஹலோ இல்லை, மூச்சு மட்டும். முழித்துத்தான் இருந்திருக்கிறாள், மெயிலை அனுப்பிவிட்டு ஒரு மணித்தியாலமாக. சுகிர்தாவின் வாய், அவளைக் கேட்காமலே, திறந்தது.

"பேப்பரில விளம்பரம் பார்த்தனான்," என்றாள். "அறை இன்னும் இருக்கோ?"

படிக்கட்டில் யாரோ ஏறி, அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"இருக்கு," என்றது குரல். கரகரத்த குரல், தமிழைத் தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்து எடுத்தது. "ஆனா ஹீற்றர் சரியில்ல."

"அது பரவாயில்லை."

"எத்தன பேர்?"

"ஒரு ஆள்தான்."

"எவ்வளவு நாளைக்கு?"

வீட்டுக்காரர் எல்லாரும் கேட்கிற கேள்வி. மிதுஷாவிடம் அது விளையாட்டில்லை, விளையாட்டு இதற்கு முந்தின கேள்வியோடு முடிந்துவிட்டது என்று குரலில் தெரிந்தது. வந்து கதைப்பம் என்று ஒரு பதில் நாக்கில் வந்து நின்றது, ஆறு மாதம் என்று இன்னொன்று அதற்குப் பின்னால் வந்து நின்றது, கடைசிவரைக்கும் என்று மூன்றாவது ஒன்று, கேட்க நல்லாயிருக்கிற பொய். கீழே கடைத்தெரு வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது, அவளுக்கு வாய்த்த தெரு, ஒருதரமும் பெயரைத் திருப்பிக் கேட்காத தெரு. அதை விட்டுப் போக அவளுக்கு விருப்பமில்லை. போகாமல் இருக்கவும் முடியாது. இரண்டும் ஒரே நெஞ்சில், ஒன்றை ஒன்று தள்ளாமல்.

"தெரியாது மித்து," என்றாள். "ஆனா வாறன். டிக்கட் இண்டைக்குப் போடுறன்."

அங்கே ஏதோ உரசியது, போர்வையோ, முகத்தைத் துடைத்த கையோ. பிறகு, விளம்பரத்தில் போடாமல் விட்ட ஒன்றைச் சொல்லி ஆளைப் பிடித்துவிடப் பார்க்கிறவள்போல, மிதுஷா அவசரமாகச் சொன்னாள்:

"யன்னல் இருக்கு அம்மா. பெரிய யன்னல்."